புதுப்பிப்பு: கிளாசிக்ஸா, உலகச் சமயங்களா? முடிவு செய்துவிட்டேன்

ஆனர்ஸ் ஆய்வேட்டுக்குக் கிரேக்க, ரோமச் செவ்வியலை (கிளாசிக்ஸ்) எடுப்பதா, உலகச் சமயங்களை எடுப்பதா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஆனால் இரண்டும் ஒரே ஊரில் கிடைத்துவிட்டன.

ஊர் துரா-யூரோப்போஸ். சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் இருந்த ரோமப் படை நகரம். மேற்கு மதிலை ஒட்டியே யூதத் தொழுகைக்கூடம், கிறிஸ்தவர்கள் கூடிய வீடு, மித்ராஸ் என்ற கடவுளின் கோயில் மூன்றும் இருந்தன. பாரசீகத்தின் சாசானியப் படையைத் தடுக்க, மதிலைப் பலப்படுத்துவதற்காக ரோமர்கள் இந்தக் கட்டடங்களை மண் கொட்டி மூடினார்கள். கி.பி. 256 வாக்கில் ஊர் விழுந்தது. மண்ணுக்குள் ஓவியங்கள் பிழைத்துக்கொண்டன. தொழுகைக்கூடச் சுவரில் யூத வேதத்தில் வரும் மோசே, எஸ்தர் எல்லாரும் மனித உருவிலேயே நிற்கிறார்கள்! பண்டைய யூதர்கள் உருவம் வரையவே மாட்டார்கள் என்ற நம்பிக்கையை 1932-இல் வெளிப்பட்ட அந்தச் சுவர்கள் உடைத்துவிட்டன. இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியரும் சம்மதித்துவிட்டார். மொழி பற்றிக் கேட்டவர்களுக்கு: கிரேக்கம் தொடர்கிறது. அந்தச் சுவர்களில் அரமேயமும் இருப்பதால் அடுத்த பருவத்தில் அதையும் எடுக்கிறேன்.