என் கணக்கில் 412 கிளிக், அவர்கள் கணக்கில் 167

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். புரட்டாசி விரதச் சமையலுக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறேன். குக்கர், மிக்ஸிக்கு அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன்) போடுகிறேன். மூன்று வாரமாகக் கணக்கு உதைக்கிறது. போன வாரம், கிளிக்கை எண்ணிக் கடைக்கு அனுப்பும் என் ரீடைரக்ட் பிளகினில் 412 கிளிக்; கமிஷன் கணக்கு வைக்கும் அஃபிலியேட் நெட்வொர்க்கின் டேஷ்போர்டில் 167.

பாட்களை (மனிதரல்லாத தானியங்கி வருகைகளை) வடிகட்டினேன்; பேஸ்புக் முன்னோட்டம் எடுக்க வரும் கிராலர் மட்டும் 58. கழித்தாலும் 354 நிற்கிறது. நெட்வொர்க்காரர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எண்ணுகிறார்கள்; நம் நேரம் அதைவிட 2 மணி நேரம் முன்னால். அதனால் தினக் கணக்குதான் நகரும், வாரக் கணக்கு இவ்வளவு இடிக்காது. ரீடைரக்டை 301 (நிரந்தரம்) என்பதிலிருந்து 302 (தற்காலிகம்) ஆக்கினேன், பக்கங்களைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ் பிளகினையும் நிறுத்தினேன். பலனில்லை. நெட்வொர்க்காரர்களிடம் கேட்டால் "எங்கள் எண்தான் சரி" என்று ஒரே வரி.

அப்புறம் வீட்டிலிருந்த ஐந்து ஆண்ட்ராய்டு போன்களையும் (அம்மாவின் பழைய போன் உட்பட) வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். குரோமில் ஐந்துக்கு ஐந்தும் நெட்வொர்க் டேஷ்போர்டில் பதிவானது. பேஸ்புக் செயலிக்குள்ளேயே திறந்தால் இரண்டுதான். ஐந்திலும் கடைப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது, சப்ஐடியும் (கிளிக் எங்கிருந்து வந்தது என்று அறிய நான் சேர்க்கும் குறியீடு) முகவரியில் அப்படியே இருந்தது. வைஃபை ஒன்றுதான்.

என் வாசகர்களில் பெரும்பாலோர் பேஸ்புக் வழியாகத்தான் வருகிறார்கள். செயலிக்குள் திறக்கும் பிரவுசரில் இப்படிக் கிளிக் தொலைந்து, அதைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் கை வைத்தீர்கள்?