வைற் மெற்றல் தோல் உரிஞ்ச மாதிரிக் கழண்டு வந்தது: பழைய நீராவி எஞ்சின் வேலையில் கண்டவை

சுன்னாகம்_கடைசல்

எண்ணெய் மில் ஒண்டில இருந்து வந்த ஒற்றைச் சிலிண்டர் கிடை எஞ்சின். 3 அங்குலத் தண்டு, அதைத் தாங்கிற பெயாறிங்குக்கு வெண்கல ஓடு. ஓட்டுக்குள்ள புது வைற் மெற்றல் (தண்டு உரசிற பக்கத்துக்கு ஊத்துற வெள்ளீயக் கலவை) ஊத்தி, கடைஞ்சு, நீல மை தடவிச் சுரண்டி, எல்லாம் ஒழுங்கு. நீராவி இல்லாமல் மோட்டர் பெல்ற் கொழுவி மெதுவாச் சுத்தவிட்டது. அரை மணித்தியாலம் ஆகேல்லை, ஒயில்ல வெள்ளித் தூள் மினுங்கத் தொடங்கிட்டுது.

கழட்டினா, கீழ்ப்பாதியில உள்ளங்கை அகலத் துண்டு ஒண்டு நகத்தால நெம்ப முழுசா எழும்பி வந்திட்டுது. அதின்ர முதுகுப் பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஓட்டில பழைய கடைசல் கோடுகள் ஒண்டும் மறையாமல் அப்பிடியே கிடக்கு. ஒட்டவே இல்லை, சும்மா குந்திக்கொண்டு இருந்திருக்கு. அந்த முதுகுப் பக்கம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

செய்தது இதுதான்: ஓட்டை 120 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினது. உலோகம் 420 பாகை. நடுத் தண்டுக்கு (ஊத்தேக்க ஓட்டுக்கு நடுவில நிறுத்துற போலித் தண்டு) குப்பி விளக்குப் புகைக்கரி பிடிச்சது. விளிம்பெல்லாம் களிமண் அடைப்பு, அதை நல்லாக் காயவும் விட்டது. ஒரே ஊத்தில முடிச்சது. ஓடு ஏற்கெனவே சாம்பல் நிறமாக் கிடந்ததால பழைய ஈயப்பூச்சு (மெற்றல் ஒட்டிறதுக்கு முதல்ல பூசுற வெள்ளீயம்) இருக்கெண்டு விட்டாச்சு. பிழை அதிலயோ, வேறெங்கையோ?

உலைக்களம்

ஈயப்பூச்சில குற்றம் சொல்ல வேண்டாம். பழைய ஆக்கள் பூச்சே இல்லாமல் ஊத்தின பெயாறிங்குகள் எத்தினை வருசம் ஓடினது? ஓட்டுக்குள்ள புறாவால் மாதிரி அடி அகண்ட தவாளிப்பு வெட்டியிருப்பினம். உலோகம் அதுக்குள்ள இறங்கிக் கவ்விக்கொள்ளும். உங்கட ஓட்டில தவாளிப்பு இருந்ததா?

மற்றது, 420 பாகை எண்டு எதை வைச்சுச் சொல்லுறியள்? மானி இல்லாட்டி உலர்ந்த பலகைச் சிராய் ஒண்டை உள்ள விட்டுப் பாருங்கோ. இரண்டு மூண்டு செக்கனில கபிலமாகிக் கருகவேணும், தீப்பிடிக்கக் கூடாது. தீப்பிடிச்சா உலோகம் எரிஞ்சு போச்சு, மேல கசடு கூடும்.

கரிக்கோச்சி

உலைக்களம் அண்ணை, நீங்கள் சொல்வது வார்ப்பிரும்பு ஓட்டுக்குச் சரி. வார்ப்பிரும்பில் காரீயகம் (பென்சில் கரி) கலந்திருப்பதால் வெள்ளீயம் இலகுவில் பிடிக்காது, அதனால்தான் தவாளிப்பு. வெண்கல ஓடு அப்படியல்ல. அதற்குப் பூச்சுத்தான் உயிர். மெல்லிய வெண்கல ஓட்டில் ஆழமாகத் தவாளிப்பு வெட்டினால் அந்த இடத்திலேயே வெடிப்புத் தொடங்கும்.

சாம்பல் நிறத்தை நம்பியதுதான் பிழை. அது ஈயமல்ல, பல பத்தாண்டு ஒயில் வெண்கலத்தின் நுண்துளைகளுக்குள் ஊறிக் கருகிய படிவு. மேலே துடைத்தால் போகாது. கோஸ்ரிக் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவி, பிறகு சூடாக்கிப் பார்க்க வேண்டும். திரும்ப ஒயில் கசிந்தால் இன்னொரு தரம் கொதிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செல்லும்.

இன்னொன்று: எஞ்சினில் பூட்டும்வரை பிழையை ஏன் விட்டீர்கள்? ஊற்றி ஆறியதும் ஓட்டை நூலில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் ஒட்டியது மணிபோல் ஒலிக்கும். ஒட்டாதது பானை உடைந்த சத்தம் தரும். சந்தேகமென்றால் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இரண்டும் சேரும் விளிம்பில் சோக்குத் தேய்த்து அமுக்குங்கள். இடைவெளி இருந்தால் எண்ணெய் கசிந்து சோக்குக் கறுக்கும்.

கன்னாதிட்டிப்பக்கம்

வெண்கலத்துக்கு வெள்ளீயம் பிடிப்பிக்கிற வேலை லேத்துப் பட்டறை வேலை இல்லை. அது பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவையின்ர வேலை. கன்னார் (பித்தளை, வெண்கல வேலைக்காரர்) குடியிருந்த ஊர் இது. ஆனா பித்தளைச் சருவத்துக்கு ஈயம் பூச ஆளைத் தேட வேண்டிக் கிடக்கு. அந்தக் கை மறைஞ்சா இப்பிடியான பெயாறிங்கும் மறைஞ்ச மாதிரித்தான்.

முறை இது. புளியும் மணலும் போட்டுத் தேய்ச்சு வெண்கலத்தின்ர சொந்த நிறம் தெரியவேணும். கை படக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் பூச்சை ஏற்காது. பின்பக்கத்தால சூடாக்கி, வெள்ளீயக் கம்பியை முகத்தில தொட்டுப் பாருங்கோ. தானாக உருகினால் சூடு காணும். நவச்சாரத் தூளைத் தூவினால் வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கைத் திருப்பிக்கொள்ளுங்கோ. உடனே பஞ்சுப் பொட்டலத்தால வெள்ளீயத்தை இழுத்துப் பரப்பவேணும். மேற்பரப்பு நனைஞ்ச கண்ணாடி மாதிரி வரும். மஞ்சளோ நீலமோ ஓடினால் சூடு கூடிப்போச்சு, திரும்ப முதல்ல இருந்து.

சமையல் பாத்திரத்தில இல்லாத ஒரு கவனம் இதில வேணும். நவச்சாரத்தின்ர மிச்சத்தை ஒரு பொட்டும் விடாமல் துடைக்கவேணும். விட்டால் அது ஊத்தேக்க ஆவியாகிக் குமிழ் விடும்.

அதோட, 120 பாகை ஒருக்காலும் காணாது. வெள்ளீயம் உருகிறது 232 பாகையில. பூச்சு ஈரமா மினுங்கிக்கொண்டு இருக்கேக்கயே மெற்றலை ஊத்தவேணும். நடுத் தண்டும் சூடா இருக்கவேணும். ஊத்தினதும் ஓட்டின்ர முதுகில ஈரச்சாக்கு வையுங்கோ. ஓட்டுப் பக்கத்தில இருந்து இறுகத் தொடங்கினால்தான் சுருங்கேக்க விட்டுப் போகாது. ஒரு துளி தண்ணி கூட உருகின உலோகத்துக்குள்ள போகக்கூடாது. போனால் வெடிச்சு முகத்தில அடிக்கும்.

பொயிலர்_பக்கம்

பெயாறிங்கைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஒருவரும் பொயிலரைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பொயிலருக்குள் விடாதீர்கள். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைதான் பொயிலர் தகட்டிலும் படியும். தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அது கம்பளிபோல நின்று சூட்டைத் தடுக்க, நெருப்புப் பக்கத் தகடு அளவு மீறிச் சூடாகிப் புடைக்கும். கடற்கரைப் பக்கக் கிணறானால் உப்பும் சேர்ந்து தகட்டை அரிக்கும், நீராவியோடு தண்ணீரையும் நுரைத்துத் தள்ளும். கூரை ஓட்டில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதைப் பாவியுங்கள்.

நெருப்பு மூட்டுவதற்கு முன் தண்ணீர் அழுத்தச் சோதனை கட்டாயம். உச்சியிலுள்ள வால்வைத் திறந்துவிட்டு மெதுவாக நிரப்பி, காற்று முழுக்க வெளியேறியதும் மூடி, கைப்பம்பால் ஏற்றுங்கள். வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் என்றால் 150 வரை. காற்றால் சோதிக்க ஒருபோதும் நினைக்க வேண்டாம். தண்ணீர் அமுங்காது, ஆதலால் தகடு கிழிந்தால் சீறிவிட்டு நின்றுவிடும். அமுங்கிய காற்றோ துண்டுகளை எறியும். நெருப்புப்பெட்டிக் கூரையில் உள்ள உருகு செருகியையும் மாற்றுங்கள். நடுவிலுள்ள காரீயம் 327 பாகை அளவில் உருகி, தண்ணீர் இறங்கிவிட்டதைச் சொல்ல வேண்டிய பொருள் அது. யாரோ பித்தளைப் போல்ட் முறுக்கி அடைத்து வைத்திருந்த பொயிலரும் உண்டு. கூரைத் தகடு உள்நோக்கி ஒரு சாண் தொய்ந்து கிடந்தது.

ஓடவிடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் தண்ணீரை முழுதாக வடித்து, உலரவைத்து, தட்டங்களில் நீறாத சுண்ணாம்பை உள்ளே வைத்து மூடுங்கள். ஈரத்தை அது குடிக்கும். பொடியாகிவிட்டால் மாற்றுங்கள்.

உலைக்களம்

கரிக்கோச்சி சொன்னது சரி, வெண்கலத்துக்கு நான் சொன்னது பொருந்தாது.

பெரிய சில்லு கழட்டினவையா? அதைத் தண்டோட இறுக்கிற ஆப்பு கவனம். லொறி வில்லுத்தகட்டில அடிச்சு, தண்ணியில தோய்ச்சுப் பதம் வைச்ச ஆப்பு ஒண்டு, கழட்டேக்க தலை படாரெண்டு தெறிச்சு ஓலைக்கூரையைத் துளைச்சுக்கொண்டு போச்சு. வில்லுத்தகட்டை எண்ணெயிலதான் தோய்க்கவேணும். தண்ணியில மயிர்வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியாது. அதை விட, ஆப்புக்குப் பதமே தேவையில்லை. மெல்லுருக்கு காணும். அடிக்கு 1/8 அங்குலம் சரிவு, தவாளிப்பில நீல மை தடவி முழு நீளத்துக்கும் தொடுதோ எண்டு அரத்தால சரிபாருங்கோ. நுனியில மட்டும் தொட்டால் சில்லு ஆடும்.

கழட்ட, ஆப்புத் தலைக்கும் சில்லின்ர குடத்துக்கும் இடையில எதிரெதிரா இரண்டு சீவல் ஆப்புகளை விட்டு மாறிமாறித் தட்டவேணும். விளிம்பில சம்மட்டி போடாதேங்கோ. வார்ப்பிரும்பு ஆரக்கால் வெடிச்சா அதை ஒட்டி ஓடவிடேலாது.

சுன்னாகம்_கடைசல்

ஆப்பு இன்னும் கழட்டேல்லை, நல்ல நேரத்தில சொன்னியள். ஓட்டைக் கோஸ்ரிக்கில போட்டது, முதல் தண்ணி தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கறுத்து வந்திருக்கு. கழண்ட மெற்றலைத் திரும்ப உருக்கி ஊத்தலாமா?

கரிக்கோச்சி

முதலில் அதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கடதாசியில் அழுத்திக் கீறினால் பென்சில் கோடு போல் வந்தால் காரீயம் அதிகம். கோடு விழாவிட்டாலும் நிச்சயமில்லை. நல்ல வெள்ளீய மெற்றலில் வெள்ளீயம் 89, அந்திமனி 7.5, செம்பு 3.5 வீதம். அதற்குள் கொஞ்சக் காரீயம் சேர்ந்தாலும் 183 பாகையிலேயே உருகும் பகுதி உள்ளே உண்டாகும். பெயாறிங் சூடேறும்போது அந்த இடம்தான் முதலில் இளகும். என்னவென்று தெரியாத பழைய துண்டுகளைப் பூச்சுப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தண்டுக்குப் புதிது வாங்குங்கள். 3 அங்குலத் தண்டுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 3 பங்கு இடைவெளி.