வானம் வெளுக்குது, இல்லன்னா கோயில் கறுக்குது: எக்ஸ்போஷர் (கேமராவுக்குள்ள விடுற வெளிச்ச அளவு) எப்படி வைக்கிறது?

செம்பனைக்காட்டான் (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலருக்கு அட்டைப் படம் எடுக்கிற பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு. முன்னால செம்மண் ரோடு, நடுவுல கோபுரம், ரெண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), பின்னால தித்திவாங்சா மலை. இதுதான் கமிட்டி கேட்கிற காட்சி. மேற்குப் பார்த்த கோயில். அதனால ரோட்டுல நின்னு எடுத்தா கேமரா கிழக்கப் பார்க்குது, மலைக்கு மேல வந்த சூரியன் நேரா லென்ஸுக்குள்ள அடிக்குது. கோபுரம் தெரியுற மாதிரி வச்சா வானம் வெள்ளைத் தாள், சூரியனைச் சுத்தி அசிங்கமா ஒரு மஞ்சள் வளையம். வானத்துக்கு வச்சா கோபுரம் கரிக்கட்டை. பழைய டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 லென்ஸ், ஜேபெக்தான் எடுக்கிறேன். புது கேமரா வாங்கச் சொல்லாதீங்க, அதைத் தவிர எதுவானாலும் சொல்லுங்க.

முகில்_பேராக்:
முதல்ல ராவுக்கு (RAW, கேமரா பதிஞ்சதை அப்படியே சேமிக்கிற கோப்பு) மாறுங்க. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான். ரா 14 பிட்னா 16,384 படி. நிழலைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அந்த மஞ்சள் வளையம் ஏன் வருதுன்னா, காலை வானத்து ஆரஞ்சுல சிவப்புதான் அதிகம். படம் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலா பதியுது, அதுல சிவப்பு சேனல் முதல்ல உச்சியில முட்டி நின்னுடும். பச்சை மட்டும் மேல ஏறிக்கிட்டே இருக்கும், ஆரஞ்சு மஞ்சளாயிடும். பச்சையும் முட்டிட்டா வெள்ளைதான். வெறும் ஒளி அளவை மட்டும் காட்டுற ஹிஸ்டோகிராம்ல (இருட்டு, வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு கேமரா காட்டுற வரைபடம்) இது அகப்படாது. மூணு சேனலையும் தனித்தனியா காட்டுறதைத் திறந்து பாருங்க. உங்க செம்மண் ரோடும் வெயில் பட்டா இதே வேலையைக் காட்டும்.

பழைய_ஸ்டூடியோ:
தம்பி, நான் ஃபிலிம் காலத்துல நெகடிவ், ஸ்லைடு ரெண்டுலயும் வேலை பார்த்தவன். நெகடிவ்ல நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணணும், வெளிச்சப் பகுதியைக் கழுவும்போது சரிக்கட்டிக்கலாம். டிஜிட்டல் ஸ்லைடு ஜாதி. வெளிச்சம் போனா போனதுதான், நிழலைத்தான் பிறகு எடுக்க முடியும்.

ஆகவே கேமராவோட ஒளி மீட்டரை ஸ்பாட்ல (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற முறை) வைங்க. சூரியனை விட்டுடுங்க, அது வெளுத்தா யாரும் கேட்கப் போறதில்ல. விவரம் வேணும்னு நினைக்கிற மேகத்துல ஆகப் பளிச்சுன்னு இருக்கிற இடத்தை அளந்து, மேனுவல்ல அதை பிளஸ் 2 ஸ்டாப்ல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெட்டிப்பு) உட்கார வைங்க. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், அதான் அந்தப் பிளஸ் 2. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, முக்காலி. பின்திரையில கோபுரம் இருட்டா தெரியும், பயந்து ஷட்டரை மாத்திடாதீங்க.

லயத்துப்பிள்ளை:
கேமராவுலயே ஹைலைட்டை (பளிச்சுன்னு இருக்கிற பகுதியை) காப்பாத்துற வசதி இருக்குமே, அதைப் போட்டா போதாதா?

முகில்_பேராக்:
@லயத்துப்பிள்ளை ஜேபெக் எடுக்கிறவங்களுக்கு அது உதவும். கேனன்ல ஹைலைட் டோன் பிரயாரிட்டியைப் போட்டா ஐஎஸ்ஓ 200க்குக் கீழ இறங்காது. ஏன்னா உள்ளுக்குள்ள ஒரு ஸ்டாப் குறைச்சு எடுத்து, நிழலையும் நடு வெளிச்சத்தையும் தூக்கித் தருது. ராவுல அதே வேலையை நம்ம கையால செய்யுறோம், ரெண்டையும் சேர்த்துப் போட்டா குழப்பம்.

இன்னொன்னு. ராவே எடுத்தாலும் திரையில காட்டுற ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வச்சுப் போட்டது. காண்ட்ராஸ்ட் கூடின பிக்சர் ஸ்டைல் (ஜேபெக்குக்குக் கேமரா போடுற நிற அமைப்பு) வச்சிருந்தா முட்டாததையும் முட்டிடுச்சுன்னு சொல்லும். நியூட்ரல் வைங்க. நிழலுக்கான வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) போட்டிருந்தாலும் சிவப்பைக் கூட்டித்தான் காட்டும்.

செம்பனைக்காட்டான்:
நன்றி அண்ணே, நன்றி முகில். சனிக்கிழமை வெள்ளனவே போய்ப் பார்த்தேன். வானம் வெளுக்காம நின்னுடுச்சு, வளையமும் இல்ல. ஆனா கோபுரத்துல பொம்மைகளுக்கு அடியில இருக்கிற நிழலைத் தூக்கினா நிறப்புள்ளி, கோடு கோடா வேற வருது. பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டிக் குறைச்சுப் பல படமா எடுக்கிறது) போடவா? இல்ல மேல்பாதி கறுப்பு ஃபில்டர் வாங்கவா?

பழைய_ஸ்டூடியோ:
ஃபில்டர் வேணாம். பழைய ஈயச் சுரங்கக் குட்டை மாதிரி நேர்க்கோட்டுல வானம் பிரியுற இடத்துக்குத்தான் அது. உங்க படத்துல கோபுர உச்சி வானத்துக்குள்ள நிக்குது. ஃபில்டர் போட்டா கலசத்தையும் சேர்த்துக் கறுக்கும்.

முகில்_பேராக்:
பிராக்கெட்டிங் போடலாம். மூணு படம், ரெண்டு ரெண்டு ஸ்டாப் இடைவெளி. அப்பர்ச்சரைத் தொடாதீங்க, ஷட்டர் மட்டும் மாறணும். ஃபோகஸை மேனுவல்ல பூட்டிடுங்க. காத்து அடிச்சா செம்பனை மட்டை ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு இடத்துல நிக்கும், தானா சேர்க்கிற மென்பொருள் அதை ரெட்டை ரெட்டையா காட்டும். அதனால குறைச்சு எடுத்த படத்தையே அடிப்படையா வச்சுக்கிட்டு, கூட்டி எடுத்ததிலிருந்து கோபுரத்தையும் ரோட்டையும் மட்டும் மாஸ்க் போட்டு (மத்த இடத்தை மறைச்சு) எடுங்க. கட்டடம் ஆடாது. மட்டை எல்லாம் ஒரே படத்திலிருந்து வந்துடும்.

பெரட்டுக்களம்:
எல்லாரும் கேமராவையே பார்க்கிறீங்க. மேற்குப் பார்த்த கோயிலுக்கு ஏன் காலையில போறீங்க? சாயங்காலம் போனா வெயில் கோபுர முகத்துல விழும், பின்னால மலையும் வெளிச்சத்துல நிக்கும், வானம் நீலமா இருக்கும். மாஸ்க்கே வேணாம், ஒரே ஷாட்ல அடங்கிடும். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா ஏறி இறங்கும், மணிக்கு 15 டிகிரி. வெளிநாட்டு வீடியோவுல சொல்ற நீண்ட பொன் வெளிச்சமெல்லாம் இங்க இல்ல. கிடைக்கிற கொஞ்ச நேரத்தை எதிர்வெயில்ல வீணாக்காதீங்க.

செம்பனைக்காட்டான்:
சாயங்காலம்னா மழை பிடிச்சுக்குதே. கமிட்டித் தலைவருக்கு மலையில காலைப் பனி வேற வேணுமாம்.

பெரட்டுக்களம்:
மழை விட்டபிறகு மேற்கே மேகம் கொஞ்சம் கிழிஞ்சாப் போதும், அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. பனி வேணும்னா ஏழு மணி வாக்குல, சூரியன் மலையைத் தாண்டுறதுக்கு முன்னால எடுங்க. வானத்துக்கும் கோபுரத்துக்கும் உள்ள வெளிச்ச இடைவெளி அப்போ ரொம்பக் குறைவு. சூரியன் தலைகாட்டினா கேமராவைப் பையில போட்டுட்டுப் பசியாறப் போயிடுங்க.

பழைய_ஸ்டூடியோ:
அதுவும் சரிதான். போலரைசர் ஃபில்டர் இருந்தா சாயங்காலப் படத்துக்கு எடுத்துட்டுப் போங்க. ஈர மட்டையில அடிக்கிற வெள்ளைப் பளபளப்பு குறைஞ்சு பச்சை வெளிய வரும். ஒன்னு, ஒன்னரை ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், ஷட்டரைப் பார்த்துக்குங்க. ஆனா சூரியன் சரியா முதுகுக்குப் பின்னால இருந்தா வானத்தை அது கறுக்காது, 90 டிகிரி பக்கவாட்டுலதான் முழு வேலை செய்யும்.

செம்பனைக்காட்டான்:
ரெண்டு நேரமும் எடுத்து கமிட்டி முன்னால வைக்கிறேன். அச்சகத்துக்கு எந்த வடிவத்துல கொடுக்கணும்?

முகில்_பேராக்:
அவங்களையே கேளுங்க, பெரும்பாலும் 300 டிபிஐ டிஃப் (TIFF) கோப்பு கேட்பாங்க. திரை வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு எடிட் பண்ணுங்க, இல்லன்னா தாள்ல கோபுரம் மறுபடியும் இருட்டா வரும். மொத்தமா அடிக்கச் சொல்றதுக்கு முன்னால ஒரு மாதிரித் தாள் வாங்கிப் பாருங்க.