மாத்திரைக்கு ஓடி வந்தவங்க, ஊசிக்கு வரலை

அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ்:

2020 மார்ச் கடைசியில், கொரோனா வராம இருக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்ங்கிற மலேரியா மாத்திரையைப் போட்டுக்கலாம்னு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொன்னதும் எங்க வார்டுல ஒரே பரபரப்பு. முதல் நாள் 400 மி.கி. ரெண்டு வேளை, பிறகு வாரம் ஒரு தடவை, ஏழு வாரம். ஹெட் சிஸ்டர் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்தாங்க. ஆதாரம் என்னன்னு ஒருத்தரும் கேட்கலை. மாஸ்க்கே எண்ணிக் கொடுத்த நேரம், யார் கேட்பாங்க? ஒரு அக்காவுக்குப் படபடப்புன்னு ஈ.சி.ஜி. எடுத்து மாத்திரையை நிறுத்தினாங்க. அவங்க, "என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க"ன்னு அழுதாங்க. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால பலன் இல்லைன்னு ஜூன்ல இங்கிலாந்து ரெக்கவரி ஆய்வு சொன்ன பிறகும், கபசுரக் குடிநீரோட சேர்த்து விழுங்கினவங்க உண்டு.

அதே ஆளுங்கதான் 2021 ஜனவரி 16-க்கு அப்புறம் தடுப்பூசி அறைப் பக்கமே வரலை. கோவிஷீல்டு குப்பியில பத்து டோஸ். திறந்தா நாலு மணி நேரத்துல முடிக்கணும். ஏழு பேர் உட்கார்ந்திருப்பாங்க, இன்னும் மூணு பேருக்காக நான் வார்டு வார்டாப் போன் போடுவேன்.

"எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே சிஸ்டர்."

"நைட் டூட்டி, காய்ச்சல் வந்தா யாரு பார்ப்பா?"

"பெரிய டாக்டர் போட்டாச்சா? அவர் போடட்டும், நான் வர்றேன்."

கடைசி ஆளைத் தப்பு சொல்ல முடியாது. பெரிய டாக்டர் நிஜமாவே போடலை.

மருந்துக்கடைக்காரர்:

ஆமாம் சிஸ்டர், அந்த மார்ச்சை மறக்க முடியாது. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுங்கிற எச்1 பட்டியல்ல அந்த மாத்திரையைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே அட்டை அட்டையாப் போயிடுச்சு. டாக்டர்களே குடும்பத்துக்கெல்லாம் சீட்டு எழுதினாங்க. லூபஸ்ங்கிற நோய் எதிர்ப்புக் கோளாறுக்காக வருஷக்கணக்கா அதே மாத்திரை சாப்பிடுற ஒரு பொண்ணு வந்து நின்னப்போ கடையில ஒண்ணுகூட இல்லை.

பயிற்சி மருத்துவர் (அப்போ):

எங்களுக்கு வந்தது கோவாக்சின். மூணாம் கட்ட ஆய்வு முடியாமலே அனுமதி கொடுத்திருந்தாங்க. ஒப்புதல் படிவத்திலேயே செயல்திறன் இன்னும் உறுதியாகலைன்னு அச்சடிச்சிருந்தது. அதைப் படிச்சுட்டுத் தயங்கினவங்களை "படிச்சவங்களே இப்படியா"ன்னு டி.வி.யில திட்டினாங்க. படிச்சதாலதானே தயங்கினோம்! நான் போட்டுக்கிட்டேன், ஆனா நம்பிக்கையில இல்லை. வீட்ல பாட்டி இருந்தாங்க.

ஸ்டாஃப் நர்ஸ்:

நியாயம்தான் டாக்டர். ஆனா மாத்திரைக்கு அந்தப் படிவம்கூட இல்லையே, அதை எப்படிக் கேள்வி கேட்காம முழுங்கினோம்? எனக்குத் தோணுறது இதுதான்: மாத்திரை நாமளாத் தேடிப் போனது, ஊசி மேல இருந்து லிஸ்ட் போட்டு வந்தது. "போடலைன்னா பேர் மேல போகும்"னு ஒரு அதிகாரி சொன்ன அன்னைக்குத்தான் எங்க வார்டுல கூட்டம் இன்னும் குறைஞ்சது. ஒரு சீனியர் அக்கா, தானே போட்டுக்கிட்டு, மறுநாள் டூட்டிக்கு வந்து வலிக்கிற தோளைக் காட்டினாங்க. அன்னைக்கு ரெண்டு குப்பி திறந்தோம்.