பாய்ப்படகின் ஓரத்தூண் வளைஞ்சு போச்சு: தடிச்ச குழாய் போட்டால் காணுமோ?

குருநகர் பைபர்:
வணக்கம் அண்ணைமார். மீன்பிடி வள்ளங்களுக்கு பைபர் ஒட்டிற ஆள் நான். வெளிநாட்டில இருந்து வந்த ஒருத்தர் தன்ர 30 அடி பாய்ப்படகைத் திருத்தத் தந்திருக்கிறார். ஆள் கடலுக்க விழாமல் வயர் இழுத்துக் கட்டுற ஸ்ரெயின்லெஸ் தூணுகள் இருக்கெல்லோ, ஒராள் அதில பிடிச்சு ஏறேக்க ஒண்டு வளைஞ்சு போச்சு. 25 மில்லிமீற்றர் குழாய், 60 சென்ரிமீற்றர் உயரம். அடியில பழுப்புக் கறை ஒழுகியிருக்கு. வெல்டிங்காரப் பெடியன் தடிச்ச குழாய் போட்டால் அலுவல் முடிஞ்சுது எண்டுறான். சரிவருமோ? இல்லாட்டி உயரத்தைக் குறைக்கவோ?

ஊர்காவற்றுறை மெக்கானிக்:
தம்பி, அவசரப்பட்டு வெட்டாதையும். உயரத்தில கைவைக்க வேண்டாம், ஆழ்கடல் பந்தய விதியிலயே ஆகக்குறைஞ்சது 60தான்.
கணக்கைப் பாரும். உச்சியில 80 கிலோ பாரம் வெளிப்பக்கம் தள்ளுது எண்டு வையும். தூணின்ர அடித்தட்டில போல்ற்றுக்குப் போல்ற் 6 சென்ரிமீற்றர் வருமோ? அப்ப பத்து மடங்கு. உள்பக்கத்துப் போல்ற்றுகள் 800 கிலோ இழுவை தாங்கவேணும். குழாயைத் தடிப்பாக்கினால் அது வளையாது, படகின்ர மேல்தட்டைப் பிய்ச்சுக்கொண்டு வரும். வளைஞ்ச தூணாவது வயரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்.
உள்ளுக்க இறங்கி நட்டைப் பாரும். வாசரோ, தகடோ?

குருநகர் பைபர்:
அலுமாரிக்குப் பின்னால படுத்துக்கிடந்து ரோர்ச் அடிச்சுப் பார்த்தன். ஐஞ்சு ரூவாக் குத்தி அளவு வாசர்தான் அண்ணை. ஒண்டு பைபருக்குள்ள புதைஞ்சு போய்க் கிடக்கு. மேல்தட்டைச் சுத்தியல் பிடியால தட்டினால் மற்ற இடம் 'டக்'கெண்டு கேக்குது, தூணடியில மட்டும் 'டொப்'.

காரைநகர் சோளகம்:
மேல்தட்டில ரெண்டு பைபர் படைக்கு நடுவில இருக்கிற பல்சா எண்ட மெல்லிய பாரத்து மரம் உக்கிப்போச்சு, போல்ற் ஓட்டையால தண்ணி இறங்கியிருக்கு. ஓட்டையைப் பெருப்பிச்சு, உக்கினதைச் சுரண்டி எடுத்து, நல்லாக் காயவிடுங்கோ. பிறகு எபொக்சிப் பிசினால நிரப்பி, இறுகினாப்பிறகு அதுக்குள்ளால போல்ற்றுக்குத் துளையுங்கோ. வள்ளத்துக்கு ஒட்டிற பொலியெஸ்ரர் பிசின் இதுக்குச் சரிவராது, பழைய பைபரில அவ்வளவு பிடிக்காது. கீழ வாசருக்குப் பதிலா அகலமான தகடு, மூலையளை மழுக்கிப்போட்டு.
அந்தப் பழுப்புக் கறையையும் விடாதேங்கோ. குழாய் அடித்தட்டுக்குள்ள செருகிற இடத்தில உப்புத்தண்ணி தேங்கும். ஸ்ரெயின்லெஸ்ஸுக்குத் துருவைத் தடுக்கிற மேல்தோல் திரும்ப மூட ஒக்சிசன் வேணும். மூச்சுவிடேலாத இடுக்கில தோல் கழண்டு குழி விழும், வெளியால பார்த்தால் பளபளப்பு. வடிய ஒரு சின்ன ஓட்டை போடுங்கோ. புதுக்குழாய், உப்புத்தண்ணியைக் கூடத் தாங்கிற 316 ரக ஸ்ரெயின்லெஸ்ஸா வாங்குங்கோ. கடைக்காரர் காந்தம் வைச்சுக் காட்டினால் நம்பாதேங்கோ, உப்புக்கு அவ்வளவு தாங்காத 304 ரகமும் அப்பிடித்தான் ஒட்டாது. வயருக்குப் பிளாஸ்ரிக் உறை இருந்தால் உரிச்சும் பாருங்கோ.

குருநகர் பைபர்:
உரிச்சன். உள்ள ரெண்டு புரி அறுந்து கிடக்கு. மற்றத் தூணுகளையும் தட்டிப் பார்த்தன், ஆறில நாலு 'டொப்'. படகுக்காரர் வாற கிழமை வெளிக்கிடோணும் எண்டு நிக்கிறார். காயவே அவ்வளவு நாள் வேணும், ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.