அப்துல்லாபுரத்திலிருந்து குட்டி கார்கோ விமானம்: ஷூ பெட்டிக்குக் கட்டுப்படியாகுமா?

ஆம்பூர்_டிஸ்பாட்ச்:
வேலூர் அப்துல்லாபுரம் ரன்வேயில் செஸ்னா கேரவன் மாதிரி சின்ன கார்கோ விமானம் ஓடினால், ஷூ பெட்டிகளை மீனம்பாக்கம் வரை அதில் அனுப்பலாமா? பெட்டி 60×40×35 செ.மீ., 10 ஜோடி, 12 கிலோ. அவசர ஆர்டர் என்றால் ஒரு தடவைக்கு 40 பெட்டி. மே மாத வெயிலில் எவ்வளவு ஏற்றுவார்கள்?

லோட்ஷீட்:
சார், முதலில் இடத்தைப் பாருங்க. நீளமான மாடலான கிராண்ட் கேரவனின் கேபின் சுமார் 9.6 கன மீட்டர். சரக்கைப் பிடிக்கும் வலை, மூலை முடுக்கு கழித்தால் உங்கள் பெட்டி 90 வரை போகும், அதாவது 1,080 கிலோ. எடை வரம்பை எட்டுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். 40 பெட்டி தாராளமாக அடங்கும்.

வெயில்தான் பிரச்சினை. வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி குறைந்து, விமானம் 1,200 மீட்டர் உயரத்து ரன்வேயில் ஓடுவதுபோலத்தான் ஓடும். எஞ்சின், இறக்கை, புரொப்பெல்லர் மூன்றுமே சோர்ந்துபோகும்; ஓட்டம் நீளும். சின்ன ரன்வேயில் சரக்கைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. காலை 6 மணிக்குக் கிளம்பினால் பாதித் தலைவலி போச்சு.

ஏற்றும் வரிசையும் முக்கியம். கார்கோ கதவு இடப்பக்கம், பின்னால் இருக்கிறது. கதவருகிலேயே பெட்டியை அடுக்கி, இரண்டு ஆளும் உள்ளே ஏறி நின்றால் மூக்குச் சக்கரம் தூக்கி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். வாலுக்கு முட்டு கொடுத்துவிட்டு, முதல் பெட்டியை பைலட் முதுகுப் பக்க வலை வரை தள்ளுங்க. பின்பகுதிக்குக் கடைசியில் வாங்க.

பாலாறு_ஃபார்வர்டர்:
விமானத்தில் அடங்கும், கணக்கில் அடங்காது. விமானச் சரக்கில் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள்: செ.மீ. அளவுகளைப் பெருக்கி, 60×40×35-ஐ 6000-ஆல் வகுத்தால் 14 கிலோ. பெட்டி 12 கிலோதான் என்றாலும் 14 கிலோவுக்குத்தான் வாடகை. 40 பெட்டிக்கு 560 கிலோ. உயரத்தை 30 செ.மீ. ஆக்கினால் கணக்கு 12-க்கு இறங்கும். உள்பெட்டியில் காலி இடம் இருக்கிறதா என்று பேக்கிங்கில் கேளுங்க. இது எந்த விமானத்துக்கும் மிச்சம்.

அடுத்தது, மீனம்பாக்கத்தில் மறுபடி இறக்கி, கஸ்டம்ஸ், ஸ்கேனிங் முடித்து, 318×244 செ.மீ. பேலட்டில் அடுக்கணும். ராத்திரி 9-க்கு ஆம்பூரில் லாரி ஏறினால் விடியுமுன் அதே மீனம்பாக்கம் கார்கோ வாசலில் நிற்கும், நடுவில் ஒரு கை மாற்றமும் இல்லாமல். வாணியம்பாடி, ராணிப்பேட்டை சரக்குக்கும் இதே கதைதான்.

ஆம்பூர்_டிஸ்பாட்ச்:
சாம்பிள் பெட்டியில் ஒட்டுப் பசை ஒரு டப்பா வைப்போம். அதில் ஏதும் சிக்கலா?

லோட்ஷீட்:
கண்டிப்பா வைக்காதீங்க. தீப்பிடிக்கும் பசைக்கு அபாயப் பொருள் பட்டியலில் எண் யு.என். 1133, வகுப்பு 3 (தீப்பிடிக்கும் திரவம்). அறிவிக்காமல் வைத்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஒரு டப்பாவுக்காக 40 பெட்டியும் நிற்கும். பசையைத் தனி பார்சலாக, அபாயப் பொருள் அறிவிப்போடு அனுப்புங்க.