ஆறு மணி வெயிலில் வைட்டமின் டி-யாம்!

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மருந்தில்லாமல் மனசையும் உடம்பையும் பார்த்துக்கொள்வது எப்படி என்று அடிவாரம் நடையர் நேற்று ஒரு நீளப் பட்டியல் போட்டிருந்தார். எண்ணெய்க் குளியல், நேரத்தோடு தூக்கம், கேழ்வரகுக் கூழ் எல்லாம் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. "காலை 6 மணிக்கு ஏற்காடு ஏரியைச் சுற்றி நடந்தால் வைட்டமின் டி தானாக ஏறும், மாத்திரையே வேண்டாம்" என்ற வரிதான் பொறுக்கவில்லை. தோலில் அதை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிரில் பெரும்பகுதியை வழியிலேயே ஓசோன் விழுங்கிவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் உருப்படியாகக் கிடைக்கும். நம் சேலத்தில் பங்குனியில் அதற்கு ஒன்பதரை ஆகும், மார்கழியில் பத்தரை. ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நிழலா விழும்? பனிதான் விழும்.

அடிவாரம் நடையர்:
என்னை இழுத்ததற்கு நன்றி. மண்டித் தெருவில் மிளகாய் நெடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சேர்வராயன் மலைக்காற்றைப் பற்றி என்ன தெரியும்? ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும் என்று உங்கள் அறிவியலே சொல்கிறது. போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் வாக்கில் கூடும். ஒன்றுமில்லாததற்கு மேல் பத்து சதவீதம் போட்டால் எவ்வளவு வரும் என்று மண்டியில் மூட்டை தூக்குகிறவரைக் கேட்டாலும் சொல்வார். இன்னொன்று, மார்கழியில் சேலத்தில் சூரியன் உதிப்பதே ஆறரை மணிக்கு. உதிக்காத சூரியனிடம் வைட்டமின் வாங்கிய ஒரே ஆள் நீங்கள்தான்.

கொண்டை ஊசி 20:
ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன். மழைக்காலத்திலும் மார்கழியிலும் ஆறு மணிக்கு ஏரிக்கரையில் எதிரே வருகிற ஆள் முகம் தெரியாது. அதை விடுங்கள். சனி ஞாயிறு ஆனால் இருபது வளைவும் ஏறி வருகிறீர்கள், போகிற வழியை அடைத்துக் காரை நிறுத்துகிறீர்கள், மிளகாய் பஜ்ஜி தின்ற காகிதத்தை ஏரியில் போட்டுவிட்டு "மனசு லேசாச்சு" என்று இறங்கிப் போகிறீர்கள். எங்கள் மனசுக்கு யார் பட்டியல் போடுவது?

அடிவாரம் நடையர்:
நான் பஜ்ஜியே சாப்பிடுவதில்லை.

கண்ணங்குறிச்சி வாசி:
இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைக் குழப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. டி வேறு, மனசு வேறு. காலை வெளிச்சம் கண் வழியாக மூளையின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரவில் தூக்கம் நேரத்துக்கு வர அது உதவும். மேல்நாட்டில் குளிர்கால மனச்சோர்வுக்கு 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன்னால் உட்கார வைப்பது இதனால்தான். மேகம் மூடிய நாளிலும் வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. நடையும் மனசுக்கு நல்லதுதான். ஆகவே காலை நடையில் பலன் உண்டு, அது டி இல்லை, அவ்வளவுதான். அதற்கு ஏற்காடுதான் போக வேண்டும் என்றும் இல்லை, மூக்கனேரிக் கரையே போதும்.

அடிவாரம் நடையர்:
பார்த்தீர்களா, காலை நடையில் பலன் உண்டு என்று கண்ணங்குறிச்சித் தம்பியே ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
"அது டி இல்லை" என்று அடுத்த வார்த்தையே எழுதியிருக்கிறார். அங்கே மட்டும் பனி மூடிவிட்டதா?

அம்மாபேட்டை அக்கா:
எங்கள் அப்பா பட்டு நெய்தவர். எங்கள் தெருவில் விடியற்காலையில்தான் பாவு, அதாவது தறிக்குப் போடும் நீள நூலை, நீட்டுவார்கள். வெயில் ஏறினால் நூல் காய்ந்து அறும் என்று இருட்டோடு தொடங்கி, சூரியன் தலைகாட்டுகிற நேரத்துக்குச் சுருட்டிவிடுவார்கள். அப்புறம் பொழுது சாயும் வரை தறிக்குழிக்குள் கால். காலை வெளிச்சம் அவரைப்போல யார் பார்த்திருப்பார்கள்? வயதான காலத்தில் இடுப்பு வலி என்று ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டி அடிமட்டத்தில் இருந்தது. நடையர் அண்ணா இதற்கு என்ன சொல்கிறார்?

அடிவாரம் நடையர்:
அக்கா, அவர் நடக்கவில்லையே, நின்றுதானே வேலை பார்த்தார்? அதோடு நான் சொன்னது மலை வெயில், தெரு வெயில் இல்லை.

அம்மாபேட்டை அக்கா:
பாவு நீட்டுகிறவர்கள் நடப்பதில்லை என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். ஒருநாள் வந்து முனையைப் பிடித்துப் பாருங்கள், ஏற்காட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மலை வெயிலாம், தெரு வெயிலாம். சூரியன் ஒன்றா இரண்டா? சரி, ஒரு பழைய கணக்கு. போன ஐப்பசியில் இதே இடத்தில் மூட்டுவலி பற்றிப் பேசியபோது, "டாக்டர் வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் டி மாத்திரை கொடுத்தார், எட்டு வாரத்தில் தெளிந்தேன்" என்று எழுதியது யார்? நடையர்தான். ஆக, ஏறியது ஏரியாலா மாத்திரையாலா?

அடிவாரம் நடையர்:
ஒருவருடைய உடம்பு விஷயத்தைப் பொதுவில் இழுப்பது எந்த ஊர் நாகரிகம்? கேட்டதற்குச் சொல்கிறேன், மாத்திரை உடம்பில் சேரவே காலை வெயில் வேண்டும். அதனால்தான் எனக்குச் சீக்கிரம் ஏறியது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அந்த மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும். வெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெயில் கிடைக்காதவர்களுக்குத்தான் மாத்திரையே கொடுக்கிறார்கள். "மாத்திரையே வேண்டாம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரை போட்டதைத்தான் கேட்கிறேன்.

அடிவாரம் நடையர்:
சித்திரை மாதம் சேலத்தில் உச்சி வெயிலில் போய் நில் என்று சொல்கிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நில் என்று எங்கே சொன்னேன்? ஒன்பதரை, பத்து மணிக்குக் கை கால் வெயில் படக் கடைக்குப் போய் வந்தாலே போதுமான தொடக்கம். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் வராது. இதையெல்லாம் எழுத விட்டால்தானே. மறுபடியும் கேட்கிறேன், ஆறு மணிக்கு எந்தக் கதிர்?

சீயக்காய் பிரியன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பட்டியலில் எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு என்று போட்டிருந்தார். அரப்பு தலையை வறட்டிவிடும். சீயக்காய்தான் சரி.

அம்மாபேட்டை அக்கா:
யார் சொன்னது? நல்லெண்ணெயில் நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுக் காய்ச்சி, உச்சியில் சூடு பறக்கத் தேய்த்து, அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்து அலசிப் பாருங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் அரை நாள் எரியும். அரப்பில் அந்த வம்பே கிடையாது.

சீயக்காய் பிரியன்:
கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கத் தெரியாதவர்களுக்கு எது கொடுத்தாலும் எரியும் அக்கா.

கண்ணங்குறிச்சி வாசி:
நான் எழுதியதை யாராவது முழுசாகப் படித்தீர்களா?

அடிவாரம் நடையர்:
கடைசியாக ஒன்று. நான் ஆறு மணி என்றால் கடிகாரத்தில் ஆறு என்று அர்த்தமில்லை. ஆறு, ஆறரை, ஏழு, காலை நேரம் என்று பொதுவாகச் சொன்னது. மண்டிக்காரர் தராசு பிடித்தே பழகியதால் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ஏழு மணிக்கும் உங்கள் நிழல் உங்களைவிட நீளம்தான். இப்போது ஏழுக்கு வந்திருக்கிறீர்கள், இரண்டு நாள் விட்டால் ஒன்பதரைக்கும் வந்து சேர்வீர்கள், அப்போது அதை நீங்கள்தான் முதலில் சொன்னதாகவும் எழுதுவீர்கள். மாம்பழச் சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள். மல்கோவா பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

அடிவாரம் நடையர்:
மல்கோவாவில் நான் சொன்னதுதான் சரி. இப்போதும் சொல்வேன்.

கொண்டை ஊசி 20:
ஆறோ ஏழோ ஒன்பதரையோ, எந்த நேரத்துக்கு வந்தாலும் காரைக் கீழேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறி வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அதை நடையரிடம் சொல்லுங்கள், நான் மேலே வந்தே வருஷக்கணக்காகிறது. நடையரே, மாத்திரைக்கு இன்னும் பதில் வரவில்லை.